பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பதின்வயதுப் பிள்ளைகள் விடுமுறையில் படிக்க நட்பைப் பற்றிய பத்து நாவல்களைச் சொல்லியிருந்தீர்கள். பத்தும் ஆங்கிலம். அதில் எனக்கு வருத்தமில்லை. எந்த மொழியானாலும் நல்ல கதையைப் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் நடுவே, 'தமிழில் இந்த வயதினருக்கு இன்னும் நீதிக்கதைகள்தான்' என்று ஒரு வரி. அதை எப்படி ஐயா அச்சேற விட்டீர்கள்?

உங்களுக்குத் தெரியாததல்ல. சிறுமிகள் வெளியே சொல்லப் பயப்படும் பாலியல் சீண்டலைப் பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2020ஆம் ஆண்டுக்குப் பெற்றது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023இலும், விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு 2025இலும் அதே விருது கிடைத்தது. இவையா நீதிக்கதைகள்? அந்த விருதுச் செய்திகளையும் உள்பக்க மூலையில்தான் போட்டீர்கள். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தியை மறு வருஷம் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மற்றவள் வகுப்பில் யாரோடும் பேசவில்லை. 'மரப்பாச்சி'யைப் படிக்கக் கொடுத்தேன். முடித்துவிட்டு வந்து, "டீச்சர், இத அவளுக்கும் குடுக்கலாமா?" என்றாள். புத்தகம் அந்தப் பள்ளிக்குப் போய்க் கைமாறிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்களிடம் போய், உங்களுக்குத் தமிழில் கதை இல்லை என்று சொல்ல முடியுமா?

படிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கதை வந்திருப்பதை அவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. பள்ளிகளில் நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்கிறார்கள். சிறுவர் இதழ்களில் 'கோகுலம்' நின்றது, 'சுட்டி விகடன்' நின்றது. உங்கள் சிறுவர் பக்கமும் விளம்பரத்துக்கு இடம் விட்டு ஒதுங்கியது. நாங்கள் சிலர் கடிதம் போட்டோம், பதிலில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உங்கள் நாளிதழ்தான் வாங்குகிறோம் என்பதால் அந்த மௌனம் கூடுதலாக வலித்தது.

மாதம் ஒரு ஞாயிறு, இந்த வயதினருக்கான ஒரு தமிழ் நூலுக்கு அரைப் பத்தி ஒதுக்குங்கள். விலையும் கிடைக்கும் இடமும் மறக்காமல் போடுங்கள். எங்கள் ஊர்ப் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருவாரூர் மாவட்டம்