பார்வையிட மூன்று நிலையங்கள் எங்கே இருக்கின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில், வேலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தைத் தெரிவு செய்வது பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. குறைந்தது மூன்று நிலையங்களையாவது நேரில் பார்வையிட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்றும், கிடைத்த இடத்தில் பிள்ளையை விட்டுச் செல்வது பொறுப்பற்ற செயல் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு வயதுப் பிள்ளையோடு வாழ்கின்ற எனக்கு அந்த வரி மிகவும் வலித்தது. பல வருடங்களாகத் தங்கள் பத்திரிகையை வாங்கி வாசிக்கும் குடும்பம் எங்களுடையது என்பதால் வலி சற்று அதிகம்.

எங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரேயொரு பிள்ளைக்காம்பரா, அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்து நிலையம். நான் ஆசிரியை. பாடசாலை 7.30க்குத் தொடங்குவதால் ஆறரைக்கு முன்பே பஸ்ஸுக்கு வீதிக்கு இறங்க வேண்டும்; காம்பரா திறப்பதோ ஏழு மணிக்கு. நேரத்தையாவது எப்படியோ சமாளித்திருப்பேன். ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேட்டில், பெயர் இல்லாதவரின் பிள்ளையைச் சேர்க்க முடியாதென்று தோட்டத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நானும் அதே காம்பராவில், ஆயம்மா ஆட்டிய சேலைத் தொட்டிலில் வளர்ந்தவள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை படித்து வெளியே வேலைக்குப் போனால் அதன் பிள்ளைக்கு வாசலை அடைப்பது என்ன நியாயம்? நகரத்துக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிற எங்கள் லயத்துப் பெண்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது.

செக்ரோலில் பெயர் உள்ளவர்களின் பாடு இதைவிடக் கடினமானது. அரசாங்க ஊழியரான எனக்கு முழுச் சம்பளத்துடன் 84 நாட்களும், அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், தேவையானால் சம்பளமின்றி இன்னும் 84 நாட்களும் பிரசவ விடுமுறை உண்டு. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் என் அண்ணிக்குக் கிடைத்தது 12 வாரங்கள் மட்டுமே. 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை மூன்றாவது பிள்ளைக்கு அதிலும் பாதிதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டுமென்று கிளினிக்கில் மருத்துவமாது சொல்லி அனுப்புகிறார். மூன்று மாதம்கூட நிறையாத பிள்ளையைக் காம்பராவில் விட்டுவிட்டுத் தாய் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறாள். பால் கொடுக்க நாளுக்கு இரண்டு தடவை நேரம் ஒதுக்கச் சட்டம் சொல்கிறது: காம்பரா இல்லாத இடத்தில் ஒவ்வொரு மணித்தியாலம், இருக்கின்ற இடத்தில் அரை மணித்தியாலம். மேல்மலையிலிருந்து இறங்கி ஏறுவதற்கே அந்த அரை மணித்தியாலம் போதாது. இடுப்பில் சுற்றிக் கட்டிய நனைந்த படங்கை அவிழ்க்கவும் நேரமின்றி, கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களால் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு, காம்பராப் படியிலேயே இருந்து அண்ணி பால் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போய்ப் பறிக்கும் கொழுந்தின் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அவளிடம் போய் மூன்று நிலையங்களைப் பார்வையிடச் சொல்ல முடியுமா, ஐயா?

பாட்டிமார் இருக்கிறார்களே என்று சொல்லக்கூடும். ஓய்வுபெற்ற பாட்டிமாரும் இன்று கைக்காசாகக் கிடைக்கும் கூலிக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள், ஏனென்றால் ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது. எனவே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்கிறாள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் இருக்க, கொழுந்து அதிகமான மாதங்களில் என் வகுப்பு வரவுப் பதிவேட்டில் யார் பெயருக்கு நேரே வராத அடையாளம் விழுகிறது என்பதை நான் தினமும் காண்கிறேன். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உடைய தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதற்கு 2013இல் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தபோது, பிள்ளைகளின் நலனே காரணமாகக் கூறப்பட்டது. அந்த நலனுக்காக எங்கள் தோட்டத்தில் ஒரு காம்பராவின் நேரமாவது நீட்டப்படவில்லை.

எதுவுமே மாறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் போன பின்னர் பல இடங்களில் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகத் திருத்திக் கட்டப்பட்டன. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் வந்தார்கள். எங்கள் நிலையத்தில் இருப்பவர் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பார்ப்பவர். ஒருவரே கைக்குழந்தைகளுக்கும் ஓடித்திரியும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாக இருப்பது அவருடைய குற்றமல்ல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கு நிலையத்தைத் திறக்கட்டும். லயத்தில் வசிப்பவர் எங்கே வேலை செய்தாலும், நியாயமான ஒரு கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு அவரது பிள்ளையைச் சேர்க்கட்டும். கூடுதல் நேரத்துக்கு இன்னொருவரை நியமிக்கட்டும். இக்கோரிக்கையைத் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பார்க்கும் வண்ணம் தாங்கள் பிரசுரிக்க வேண்டும். மகளிர் பக்கத்தில் இவ்விடயம் பற்றி அடுத்து எழுதுபவரை, எழுதுவதற்கு முன்னர், பிரட்டு நேரத்தில் ஒரு தோட்டத்துக்கு அனுப்பி வைக்குமாறும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.