லெய்ன் வீட்டு அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை அந்த வரி வந்தபோது பேனா கொஞ்சம் நின்றுவிட்டது. நீ வாட்ஸப்பில் அனுப்பும் கட்டைவிரல் தவறாமல் வந்து சேர்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி உலை வைக்கப் போய்விடுகிறாள். சரி, கட்டைவிரலாவது நன்றாக இருக்கிறதே.

ஆச்சி வீட்டுப் பத்திரம் ஒருவழியாக முடிந்தது. சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டான். எப்படிப் போட்டான் என்பது பெரிய கதை, அப்புறம் எழுதுகிறேன்.

நீ விட்டுவிட்டுப் போன ஹார்டு டிஸ்க்கில் இருந்த ஜப்பான் தொடரைப் பார்த்து முடித்தேன். 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்'. காலேஜ் படிக்கும்போது "ஒரு தடவை பாருங்கப்பா" என்று நீ சொன்னாய். பொம்மைப் படமா என்று நான் சிரித்தேன். இப்போது 13 பாகத்தையும் ராத்திரிக்கு ஒன்றாகப் பார்த்தேன். 1998-ல் வந்ததாம். நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம்.

முதல் இரண்டு ராத்திரி தூங்கிவிட்டேன், மறைக்கவில்லை. அவ்வளவு மெதுவாக நகர்கிறது. லெய்ன் என்கிற பள்ளிக்கூடப் பெண்தான் கதாநாயகி. அவள் நடக்கிறாள், நிற்கிறாள், மறுபடி நடக்கிறாள். தெரு வெளுத்துக் கிடக்கிறது, நிழலில் மட்டும் திட்டுத்திட்டாகக் கறை. என்னை எழுப்பி உட்கார வைத்தது சத்தம்தான். மின்கம்பியைக் காட்டும்போதெல்லாம் கூடவே ஒரு முனகல் வருகிறதே, அது. 33 வருஷம் டிரான்ஸ்பார்மர் அடியில் நின்றவனுக்கு அது தெரியாதா? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 தடவை விரிந்து சுருங்கும். ஜப்பானில் பாதி நாட்டுக்கு 50, மீதிக்கு 60. டோக்கியோ நம்மைப் போல 50. ஆக, அவள் வீட்டு வாசலில் முனகுவதும் நம் தெருமுனையில் முனகுவதும் ஒரே சுருதி. மற்றவர்கள் பின்னணி இசை போட்டு நிரப்பும் இடத்தில் அந்த டைரக்டர் நகாமுரா கம்பியை முனகவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். அந்தத் துணிச்சலை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது ராத்திரியிலிருந்து வேகம் போதவில்லை என்கிற எண்ணமே வரவில்லை. அந்த வீட்டில் எவரும் எவரோடும் பேசுவதில்லை, படம் மட்டும் எப்படி வேகமாக ஓடும்?

லெய்னின் அறையைப் பற்றி எழுத வேண்டும். முதலில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். பாகத்துக்குப் பாகம் பெட்டிகள் பெருகி, குழாய்கள் தொங்கி, குளிர்விக்கிற தண்ணீர் தரையில் நிற்கிறது. சுற்றிலும் கரண்ட், நடுவில் குழந்தை. பார்க்கவே எனக்குப் பதறியது. வெளிச்சம் திரையிலிருந்து வருவதோடு சரி. போன மாதம் வீடியோவில் பேசினாயே, அப்போது உன் பின்னாலும் திரைச்சீலை மூடித்தான் இருந்தது. அங்கே மதியம் இரண்டு மணி இருக்கும். ஹெல்சிங்கியில் குளிர்காலத்தில் வெளிச்சமே குறைவு என்று நீ சொல்வாய். இருக்கிற கொஞ்ச நேரமாவது திறந்து வை. நேரத்துக்குச் சாப்பிடு.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா என்ன அப்பா. ஒன்பதாம் பாகத்தில் கதையை நிறுத்திவிட்டு பறக்கும் தட்டு விழுந்ததாகச் சொல்லும் அமெரிக்க ஊர் ராஸ்வெல், வேற்றுக்கிரகவாசி, எழுத்தையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்க டெட் நெல்சன் போட்ட சனாடு என்கிற கம்ப்யூட்டர் திட்டம் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மர்மம் என்றால் நாமே தடவித் தடவிக் கண்டுபிடிப்பது. நோட்ஸ் கொடுத்தால் டியூஷன். அப்புறம் அந்த வில்லன் எய்ரி. தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டு வந்து, இத்தனை பாகமாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் வாயால் விளக்குகிறான். அதோடு பூமியைச் சுற்றி இயற்கையாகவே இருக்கும் மின்காந்த அதிர்வை, ஷூமன் அதிர்வு என்பார்கள், அதை வைத்து மனுஷ மூளைகளைக் கருவியே இல்லாமல் இணைப்பானாம். அது சுமார் 8 ஹெர்ட்ஸ் பாப்பா. 76 ஹெர்ட்ஸில் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்பிய அமெரிக்கக் கடற்படைக்கே, இரண்டு மூன்று எழுத்து போய்ச் சேர நிமிஷக்கணக்கில் ஆகும். எட்டில் உலகத்தையே கோப்பானாம். எழுதியவர் ஒரு லைன்மேனைக் கேட்டிருக்கலாம்.

லெய்னின் அக்காக்காரி மிகா விஷயமும் அப்படித்தான். அவளுக்குப் புத்தி பேதலித்துப் போகிறது, வாசலில் உட்கார்ந்து முணுமுணுக்கிறாள், கதை அவளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. முதலில் இதை ஓட்டை என்றுதான் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், அந்த வீட்டில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதைவிடப் பயங்கரமாக வேறு எதைக் காட்டுவது?

இப்படி ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் லெய்னின் அப்பாதான். அவரைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான்.

தன் அறையில் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மனிதர். பொண்ணு வாசலில் வந்து நிற்கிறாள். செத்துப்போன பள்ளித் தோழியிடமிருந்து மெயில் வந்திருக்கிறது அவளுக்கு. அவளுக்கு எவ்வளவு பயம் இருக்கும். புதுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் கேட்டதும், மற்ற எதையும் பார்க்காமல் இவருக்கு ஒரே சந்தோஷம். உன்னைப் போன்ற பெண்ணுக்குக்கூட இதில் உடனே சிநேகம் கிடைக்கும் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார்.

நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

நீ பத்தாவது படிக்கும்போது உன் பெயரிலும் போட்டோவிலும் எவனோ ஒரு பக்கம் திறந்து என்னவெல்லாமோ எழுதினானே. லெய்ன் பெயரில் இன்னொரு லெய்ன் திரிந்து, அவள் சிநேகிதி அரிசுவின் ரகசியத்தையெல்லாம் பரப்புகிற இடம் வந்தபோது படத்தை நிறுத்திவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அன்று ராத்திரி நீயும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பச்சைப் பாவாடை. நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லி முடித்ததும் "யார் யார் பார்த்தாங்க?" என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன். உனக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. போய் வயரைப் பிடுங்கி, கீபோர்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தெருவுக்கே கரண்ட் கொடுக்கிறவனுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது, பீஸைப் பிடுங்குவது. சாவியை ஒரு வருஷம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நீ எதையுமே என்னிடம் சொன்னதில்லை. நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். இப்போதும் பேசுகிறேன்; உன் ஆராய்ச்சிக் கட்டுரை வந்ததை ரேஷன் கடை வரைக்கும் சொல்லியாயிற்று. பொங்கலுக்கு ஒரு போன் இல்லை, அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னபோது உன் மனசில் என்ன இருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. நீ சும்மாகூடச் சொல்லியிருப்பாய்.

பன்னிரண்டாம் பாகம்தான் எனக்குப் பிடித்தது. அரிசு அந்த வீட்டுக்கு நேரில் வருகிறாள். குப்பையாகக் கிடக்கிற, ஆள் இல்லாத வீடு. பயந்து பயந்து மாடி ஏறி, அந்த வயர்களைத் தாண்டிப் போய், லெய்ன் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து இதயம் துடிப்பதைக் காட்டுகிறாள். அதுவரை பதினொரு பாகம் ஓட்டியதெல்லாம் இந்த ஒரு கைக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. மெயிலில் அனுப்ப முடியாது அதை. கடைசிப் பாகத்தில் அந்த அப்பா மறுபடி வந்து, டீ போடுகிறேன், கூட மாடலின் கேக்கும் இருந்தால் நன்றாயிருக்கும் என்கிறார். படம் முழுக்க அவர் பேசியதில் உருப்படியானது அதுதான். அதைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் மனுஷன்.

ஜன்னலைத் திறந்து வை. சாதம் வடிக்க நேரமில்லை என்றால் ரவையாவது கிண்டிக்கொள். ஜன்னலை ஏற்கனவே சொல்லிவிட்டேனா? பரவாயில்லை.

பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் முடியாது, நான் மட்டும்தான். ஸ்வெட்டருக்குச் சொல்லியிருக்கிறேன். விசா பாரத்தில் நீ இருக்கும் இடத்தின் முழு விலாசம் கேட்கிறார்கள். மாடி, கதவு எண் எல்லாம் சரியாக எழுதி அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம், விலாசம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
அப்பா