வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதைப் படி, மருமகனே

அன்பு மருமகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அத்தையின் வாழ்த்துகள்.

உன் வாட்ஸ்அப் செய்தியை மூன்று தடவை படித்தேன். முகாமில் ஆவிக்குரிய யுத்தம் பற்றிக் கேட்டது உன்னை உலுக்கிவிட்டது என்றும், வெள்ளிக்கிழமை ராத்திரி வாலிபர் எல்லாரும் ஜெப எண்ணெயோடு தோட்டத்தைச் சுற்றி வந்து, முனியாண்டி கோயில் முன்னால் நின்று பிசாசைக் கட்டி ஜெபிக்கப் போகிறீர்கள் என்றும் எழுதியிருந்தாய். "எப்படி அத்தை ஆயத்தமாவது?" என்று கேட்டாய். மலேசியாவில், நம்முடைய சுங்கை சிப்புட்டில் வேறு பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பிசாசு இல்லை என்று அத்தை சொல்ல மாட்டேன். போராட்டம் உண்டு. ஆனால் ஆயத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உன் தாத்தாதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இப்போது செம்பனை நிற்கிற இடமெல்லாம் அன்றைக்கு ரப்பர். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசற்படியில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டுவார். கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர், நாலு இழுப்பு, பிறகு கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி தீட்டுவார். வானம் கறுத்திருந்து, காலையில் மரம் நனைந்து வேலை இல்லாமல் போகலாம் என்று தெரிந்த ராத்திரிகளிலும் தீட்டுவார். விடியுமுன் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். பெரட்டு (காலையில் பேர் கூப்பிடுவது) முடிந்து, வெட்ட வேண்டிய மர வரிசையான நிரைக்குப் போன பிறகு தீட்ட நேரம் ஏது? மொட்டைக் கத்தியோடு போனவன் பட்டையைத் தாண்டி மரத்தையே காயப்படுத்திவிடுவான்.

பவுல் எபேசு சபைக்கு எழுதின கடிதமான எபேசியர் 6-ஐ நான் அப்படித்தான் படிக்கிறேன். அதில் சொல்லுகிற சர்வாயுதவர்க்கம், அதாவது தேவன் தரும் முழுப் போர்க்கவசம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவசரமாக மாட்டிக்கொள்கிற உடுப்பு இல்லை. சத்தியம் என்னும் கச்சை 6-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பொய்யைக் களைந்து மெய்யைப் பேசு என்பது 4-ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. அதற்கு அடுத்தாற்போல்தான், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியட்டும், பிசாசுக்கு இடங்கொடாதே என்கிறார் பவுல். பிசாசு நுழைகிற வாசலை அவர் காட்டுவது அங்கேதான், ஆறாத கோபத்தில்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். தாத்தாவின் சேமநிதிப் பணத்துக்காக எட்டு மாதம் நான் உன் அப்பாவோடு பேசவில்லை. அந்த எட்டு மாதமும் உபவாசம் இருந்தேன், முழு இரவு ஜெபத்துக்குப் போனேன், பிசாசை அதட்டினேன். வீட்டுக்கு வந்தால் நெஞ்சு கல்லாகக் கிடக்கும். ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் குலை வெட்டும் அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். அன்றைக்குத்தான் நான் தூங்கினேன்.

நீ ஏன் இதைப் படிக்கிறாய் என்று உனக்குத் தெரியும்.

சின்ன வயதில், அதே 6-ஆம் அதிகாரத்தில் நமக்குப் போராட்டம் உண்டு என்கிற "துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும்" என்று போதகர் வாசிக்கும்போது, குன்றுமேல் பங்களாவில் இருந்த தோட்டத்துத் துரைதான் என் கண்முன் வருவார். அந்த வசனமோ "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று ஆரம்பிக்கிறது. துரையும் எதிரி இல்லை, கோயில் பூசாரியும் எதிரி இல்லை. உன் அம்மா உன்னைப் பெற்றுப் படுத்திருந்தபோது பத்தியச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தது அந்தப் பூசாரியின் சம்சாரம்தான்.

எபேசுவில் நடந்ததை அப்போஸ்தலர் 19-இல் பார். மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள், மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. யாருடைய புத்தகங்கள்? விசுவாசித்தவர்கள் தாங்களே கொண்டுவந்த சொந்தப் புத்தகங்கள். தியானாள் என்ற தேவியின் கோயில் அதே ஊரில் இருந்தது. பவுல் அதன் வாசலில் போய் நிற்கவில்லை. இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னான். அதே அதிகாரத்தில் ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர், இயேசுவின் பெயரை மந்திரம்போல் சொல்லப் போய், காயப்பட்டு ஓடினார்கள். அய்யா, அதைப் படிக்கும்போது எனக்கு உங்கள் நினைவு வந்து பயமாக இருக்கிறது.

வசனத்தை மனப்பாடம் பண்ணு. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு மூன்று தடவையும் உபாகமத்திலிருந்துதான் பதில் சொன்னார். கையில் சுருள் இல்லை, உள்ளே இருந்தது. நேரத்துக்குத் தூங்கு, ராத்திரி இரண்டு மணிவரை போனைப் பார்க்காதே. சாகவேண்டும் என்று கேட்ட எலியாவைத் தேவதூதன் முதலில் சாப்பிடத்தான் எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். தனியாகவும் போராடாதே. ஏசாயா 59-இல் மார்க்கவசமும் தலைச்சீராவும் கர்த்தர் தாமே அணிகிறவை. அவருடையதை நமக்குக் கொடுத்திருக்கிறார், அதுவும் சபை முழுவதற்கும். "நில்லுங்கள்" என்றுதான் சொல்கிறார், "நில்" என்று இல்லை.

வெள்ளிக்கிழமை கோயில் பக்கம் போக வேண்டாம். எட்டு மணிக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வா. எபேசியரின் ஆறு அதிகாரங்களையும் சத்தமாக வாசிப்போம், அரை மணி நேரம் போதும். பிறகு எவ்வளவு நேரமானாலும் ஜெபிக்கலாம். நெத்திலி சம்பல் செய்து வைக்கிறேன்.

இங்கே பொழுது சாய ஏழு மணிக்கு மேல் ஆகிறது. அதற்குள் அப்பாவைப் பார்த்துப் பேசிவிட்டு வா.

அன்புடன்,
அத்தை