பறுவத்துக்குப் பறுவம்

கொக்குவில்
14.12.2025

அன்பின் மச்சான்,

சுகமாக இருக்கிறாயா? தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா? ரொறன்ரோவில் இப்போது பனி கொட்டத் தொடங்கியிருக்கும். இங்கே வாடைக் காற்று. விறாந்தையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போன மாதம் கதைக்கும்போது, "வாசிகசாலையில இப்பவும் ஆக்கள் கூடுறவையோ?" என்று கேட்டாய். "ஓம்" என்று சொன்னேன், அதோடு லைன் விட்டுவிட்டது. அன்றிலிருந்து உனக்கு விபரமாக எழுதவேண்டும் என்று மனதுக்குள் கிடந்தது.

கூடுகிறோம். பறுவத்துக்குப் பறுவம், பூரணை நாளில், பின்னேரம் மூன்றரைக்கு. போயா விடுமுறை என்றபடியால் பள்ளிக்கூடமும் இல்லை, கந்தோரும் இல்லை. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து கதை வாசித்த அதே பின்னறைதான். பேப்பரே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த அந்தச் சண்டைக் காலத்தில், ஒரு கதை எழுதிய தாளின் பின்பக்கத்தில் அடுத்த கதையை எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது பிள்ளைகள் ஃபோனைப் பார்த்து வாசிக்கிறார்கள். நான் இன்னும் கொப்பியோடுதான் போகிறேன்.

ஜனவரிப் பறுவம் பொங்கலுக்கு முதல்நாள் வந்துவிட்டது. சனமெல்லாம் பானையும் கரும்பும் வாங்கச் சந்தைக்குப் போய்விட, ஆறு பேர்தான் இருந்தோம். மார்ச்சில்தான் இந்த வருடம் உண்மையில் தொடங்கியது.

கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை ஒருத்தி முதல் தடவையாக ஒரு கதை வாசித்தாள். "பாட்டி சாவியைத் தேடினாள்" என்று தொடங்கும் கதை. வாசித்து முடிய எல்லாரும் வழமைபோல "நல்லாயிருக்கு பிள்ளை" என்றோம். எங்களோடு ஒரு போஸ்ற் மாஸ்ரர் ஐயா இருக்கிறார், பென்சன் எடுத்துப் பல வருடம். இரண்டு வருடமாக வந்து ஒரு மூலையில் இருப்பார், ஒன்றும் வாசிக்கமாட்டார். அவர்தான் கேட்டார்:

"பிள்ளை, இந்தக் கிழவி எந்த ஊர்?"

"எங்கட அம்மம்மாதான் ஐயா."

"அவ சாவி எண்டு சொல்லுவாவோ?"

அந்தப் பிள்ளை கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை. திறப்பு எண்டுதான் சொல்லுவா" என்றாள்.

எனக்கு ஐயாவில் கோபம் வந்தது. இனி இந்தப் பிள்ளை வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. வங்கியில் வேலை செய்கிற தம்பி ஒருவன் எழும்பினான். "மொழி மாறத்தானே செய்யும்? நாங்கள் இருக்கிற இந்தக் கதிரை எண்டுறது போர்த்துக்கேயச் சொல்தானே. அதை எங்கட சொல் எண்டு வைச்சிருக்கேக்க சாவியை மட்டும் ஏன் தள்ளவேணும்?" நல்ல கேள்வி. அன்று ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

அடுத்த பறுவத்துக்கு எங்கள் ரீச்சர் பதிலோடு வந்தார். மச்சான், சாவியும் போர்த்துக்கேயச் சொல்தானாம்! 'சாவே' என்பது சாவியானது, 'கதேய்ரா' என்பது கதிரையானது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல், ஒல்லாந்தரிடம் தோற்றது 1658இல். அந்த முப்பத்தொன்பது வருடத்திலும் எங்கள் சனத்துக்குக் கதிரையும் அலுமாரியும் பழகிவிட்டது. வீட்டைத் திறக்கிற சாமானுக்கு மட்டும் 'திற' என்ற தங்கள் சொல்லிலிருந்தே பெயர் வைத்திருந்தார்கள். சாவி தமிழ்நாட்டில் ஊன்றி நின்று, ரீவியிலும் படத்திலும் ஏறி, இப்போதுதான் எங்கள் பிள்ளைகளின் வாய்க்கு வருகிறது. ரீச்சர் இதைச் சொல்லி முடிக்கும்போது அந்தத் தம்பியே கை தட்டினான்.

சாவி என்று எழுதுவது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பேசுகிற ஆளைப் பற்றி எழுதினால் அப்படித்தான் எழுதவேண்டும். ஆனால் அம்மம்மாவின் வாயில் இல்லாத சொல்லை அவவின் வாயில் வைத்தால், பிறகு அது ஆருடைய கதை?

பிள்ளை வந்தாள். அந்த ஒரு மாதமும் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஃபோனில் குரலைப் பதிந்திருக்கிறாள். கதையை முழுக்கத் திருப்பி எழுதியிருந்தாள். "கெதியெண்டு வா பிள்ளை, படலையைச் சாத்திப்போட்டு வா" என்று ஒரு வரி வந்தது. போஸ்ற் மாஸ்ரர் ஐயா அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். இன்னொருமுறை என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் சும்மா "நல்லாயிருக்கு" என்று சொல்லி எழும்புவதில்லை. எந்த இடம், ஏன் என்று சொல்கிறார்கள். சிலருக்கு நோகும். இரண்டு பேர் வரவை நிறுத்தியும் விட்டார்கள், அது எனக்குக் கவலைதான்.

ஓகஸ்ற் பறுவம் நல்லூர்த் திருவிழாவுக்குள் வந்தது. வாசிகசாலைக்கு ஆர் வரப்போகிறார்கள்? வீதி மணலிலேயே வட்டமாக இருந்து, கச்சான் உடைத்துத் தின்றுகொண்டு கவிதை வாசித்தோம். லவுட்ஸ்பீக்கர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, ஆனாலும் மழலைக் குழந்தையோடு வந்த ஆரோ ஒரு தாய் எங்களுக்குப் பின்னால் இருந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தா. செப்டெம்பரில் சந்திரகிரகணம் என்று கெதியாகவே கலைந்துவிட்டோம்.

நவம்பர் 5ஆம் திகதிக் கூட்டத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத நினைத்தேன். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அந்த 1995 இடப்பெயர்வுக்கு ஒக்ரோபர் 30ஆம் திகதியோடு 30 வருடம். அன்று அதைப் பற்றி மட்டும் வாசிப்பதென்று முதலே சொல்லிவைத்திருந்தோம். அந்தப் பிள்ளை அம்மம்மாவையே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. எழுத்து ஒன்றும் இல்லை, இருந்தபடியே சொன்னா. வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மழைக்குள் நடந்ததை, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பத்தோடு இருந்ததை, 1996 சித்திரையில் திரும்பி வந்ததை. "வந்து பாத்தா, வீட்டில கதவே இல்லை தம்பி. நிலையோட பிடுங்கிக்கொண்டு போட்டாங்கள். திறப்பு மட்டும் கிடக்குது" என்றா. அழவில்லை. மடியிலிருந்து எடுத்துக் காட்டினா. நீளமான பழைய இரும்புத் திறப்பு, பிடியில் ஒரு சிவப்புத் துணித்துண்டு கட்டியிருந்தது.

போஸ்ற் மாஸ்ரர் ஐயாவும் அன்றுதான் முதன்முதலாக வாசித்தார். இரண்டே பக்கம். கொடுபடாமல் கந்தோரில் கிடந்த கடிதங்களைப் பற்றி.

கடந்த பறுவத்தில் வாசிப்பு இல்லை. டித்வா புயல் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; நாட்டில் 600க்கும் மேலே ஆட்களைக் கொண்டுபோய்விட்டது. அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்குக் கொப்பிகள் சேர்த்து மலையகத்துக்கு அனுப்பினோம். எங்களால் ஏலுமானது அவ்வளவுதான்.

இப்போது ஒரு தொகுப்புப் போடுகிறோம், பன்னிரண்டு ஆக்கங்கள். புரூவ் வந்தபோது 'கெதியாய்' எல்லாம் 'கதியாய்' என்று மாறிக் கிடந்தது. அச்சகத்தில் ஆரோ பிழையென்று நினைத்துத் திருத்திவிட்டார்கள். நானும் ரீச்சரும் ஓர் இரவு முழுக்கச் சிவப்புப் பேனையோடு இருந்தோம்.

பதின்மூன்றாவதாக ஒரு இடம் வைத்திருக்கிறேன். அந்த இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தடியில் நீ சைக்கிள் கரியரில் இருந்து உன் புத்தகப் பெட்டியை இறக்கி, மழைக்குள் வைத்துவிட்டு, நடக்கமுடியாமல் இருந்த ஒரு கிழவரை ஏற்றினாயே. நவம்பரில் அதை வாசிக்கலாம் என்று எழுதினேன். எழுதி முடிய, இது நான் எழுதக்கூடாதது என்று பட்டது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிழவர் கரியரில் இருந்துகொண்டு உன்னோடு என்ன கதைத்தார் என்றும் தெரியாது, நான் பின்னால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த பறுவம் ஜனவரி 3ஆம் திகதி, திருவாதிரையையொட்டி வருகிறது. அதற்குள் எழுதி அனுப்பு. இரண்டு பக்கம் காணும். உன் எழுத்திலேயே அனுப்பு, ரைப் பண்ணுகிற வேலையை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளுவாள்.

அன்புடன்,
உன் மச்சான்