தெள்ளுப்பூச்சி மருந்து விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

வணக்கம். "போன வாரம் வாங்கின மருந்து கேட்கவில்லை, நாய் இன்னும் சொறிகிறது" என்று வருபவரிடம் "பூச்சிக்கு அந்த மருந்து பழகிவிட்டது" என்று சொல்லி வேறு புட்டியை எடுத்துத் தருவது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான நேரம் அந்தப் பதில் தவறு. அதனால் வரும் கேடு நாய்களுக்கும் பூனைகளுக்கும்தான்.

நாயின் உடம்பில் நாம் பார்க்கும் தெள்ளு, வீட்டிலுள்ள மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள்கூட இடும். அவை ரோமத்தில் ஒட்டாமல் நாய் படுக்கும் சாக்கு, பாய், சோபா இடுக்கு எங்கும் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வளர்ந்து கூடு கட்டியபின், அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் சரியாக இறங்காது. அதிர்வோ உடற்சூடோ படும்வரை பூச்சி உள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே மருந்து சரியாக வேலை செய்தாலும், புதிதாக வெளிவந்த தெள்ளுகள் சில வாரங்களுக்கு நாய்மேல் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறியவை செத்தும் போகும். வீடு முழுவதும் அடங்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தோலில் இடும் சொட்டு மருந்துக் குழாய் ஒன்றை மட்டும் விற்று அனுப்பாமல், இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பூச்சி உண்மையிலேயே மருந்துக்கு அசையாமல் போகும் எதிர்ப்புத்திறனும் இருக்கிறது. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ஆகிய மூன்று மருந்துகளும் தெள்ளின் நரம்பில் ஒரே இடத்தைத்தான், அதாவது சோடியம் நுழையும் வாயிலைத்தான், தாக்குகின்றன. அந்த வாயிலின் மரபணு மாறிய தெள்ளுகள் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே இவற்றில் ஒன்று தோற்றால் இன்னொன்றைக் கொடுப்பது மருந்தை மாற்றுவதே ஆகாது, பெயர்தான் மாறுகிறது. ஃபிப்ரோனில் வேறு இடத்தைத் தாக்குகிறது, இமிடாக்ளோபிரிட் இன்னொரு இடத்தை. மாற்ற வேண்டுமானால் வகையை மாற்ற வேண்டும். அமிட்ராஸ் உண்ணிக்கு உதவும், தெள்ளுக்கு உதவாது. தெள்ளு என்று வருபவருக்கு அதைத் தராதீர்கள்.

எங்களை மிகவும் வருத்துவது அரைகுறை அளவு. 20 முதல் 40 கிலோ நாய்க்கான ஃபிப்ரோனில் குழாயில் 2.68 மில்லி, 10 கிலோவரையான நாய்க்கு 0.67 மில்லி. பெரிய குழாயைப் பிரித்து இரண்டு மூன்று நாய்களுக்கு ஊற்றச் சொல்லும்போது அளவு தவறுகிறது. குறைந்த அளவில் பிழைக்கும் பூச்சிதான் அடுத்த தலைமுறையை ஈனுகிறது. எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, ஆளின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால், சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் இடைவெளி வேண்டும்; தோலின் எண்ணெய்ப் பசையில்தான் அது பரவுகிறது. மருந்தை ரோமத்தின்மேல் அல்ல, ரோமத்தை விலக்கித் தோலில் இட வேண்டும். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் அததற்குரிய மருந்தை ஒரே நாளில் போட வேண்டும். ஒன்றை விட்டால் அதுவே வீட்டுக்குப் பூச்சி ஊட்டும்.

பூனைக்கு பெர்மெத்ரின் கலந்த எதையும் தரவே கூடாது. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. வலிப்பு வந்து இறந்தும் போகலாம். அதே வகையைச் சேர்ந்த, மாட்டுக்கான டெல்டாமெத்ரின் புட்டியைப் பூனைக்கென்று கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

முதலில் தெள்ளுதானா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. நெருக்கமான சீப்பால் வாரி, வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத்தாளில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். கசியாவிட்டால் சொறிவதற்குச் சிரங்கோ ஒவ்வாமையோ காரணமாகலாம். கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சரியான அளவில், எல்லாப் பிராணிகளுக்கும் போட்டும் மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால், எடை, மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, கடைசியாகக் குளிப்பாட்டிய நாள் ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சீப்பில் வந்த பத்துப் பதினைந்து தெள்ளை 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு மூடி, குறிப்போடு உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். எதிர்ப்புத்திறன் உண்டா என்று பார்க்கும் மரபணுச் சோதனைக்கு இறந்த தெள்ளே போதும்.

இப்படிக்கு,
செல்லப்பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சிலர்