தரங்கம்பாடிக் கோட்டையில் கோனிக்குக்கு ஓர் இடம்: தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் துறை பேணிவரும் டேன்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகத்தில், 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த இயற்கையியலாளர் யோகான் கெரார்டு கோனிக்கின் களப்பணியை விளக்கும் விரிவான பகுதி ஒன்று அமைய வேண்டும் என்றும், அவருக்குச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் காட்டித் தந்த இம்மண்ணின் மக்களுக்கும் அதில் உரிய இடம் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

பால்டிக் கடலை ஒட்டிய லிவோனியாவில் 1728இல் பிறந்த கோனிக், சுவீடனில் உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் பயின்று, ஐஸ்லாந்தில் தாவரங்கள் சேகரித்தபின், கிறித்தவச் சமயப்பணி அமைப்பான தரங்கம்பாடி மிஷனின் மருத்துவராக இங்கு வந்தார். மிஷன் தந்த ஊதியம் அவர் விரும்பிய பயணங்களுக்குப் போதவில்லை. எனவே 1774இல் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கையியலாளராகப் பணியேற்று, சயாம் (இன்றைய தாய்லாந்து), மலாக்கா வரை சென்று வந்தார். 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஜெகந்நாதபுரத்தில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸைச் சென்றடைந்தன.

கறிவேப்பிலையின் அறிவியல் பெயரான 'பெர்கெரா கோனிகீ' அவர் பெயரைத் தாங்கியது என்பதைப் பலர் அறிவர். ஆனால் நான் பெரிதும் மதிப்பது, 1779இல் பெர்லினில் வெளியான அவருடைய கரையான் கட்டுரையைத்தான். ஈசல் புறப்படுமுன் அதைப் பிடிக்க இந்நாட்டு மக்கள் புற்றில் இரு துளைகள் இடுவதையும், காற்று வரும் பக்கத்துத் துளையில் நாற்றப் புகை மூட்டுவதையும், எதிர்ப்பக்கத்துத் துளையில் உட்புறம் கறிவேப்பிலை தேய்த்த பானையை வைப்பதையும் அவர் அதில் விவரிக்கிறார். சில வேளைகளில் ஈசலோடு நல்ல பாம்பும் வெளிப்படும் என்கிறார். பிடித்த ஈசலை மாவுடன் சேர்த்துப் பலகாரமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்றதையும் குறித்திருக்கிறார். காற்றின் திசை, புகை, இலையின் மணம் ஆகிய இந்த நுட்பங்கள் யாவும், புற்றை அருகிருந்து பழகிய மக்கள் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. அதைத் தாழ்வாக எண்ணாமல் உற்றுநோக்கி எழுதிவைத்தது கோனிக்கின் பெருமை. இரண்டையும் பிரித்துக் காட்டினால் வரலாறு குறைபட்டுப் போகும்.

ஆகவே இக்கட்டுரையைத் தமிழில் பெயர்த்துக் காட்சிக்கு வைக்கவும், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய உலர்தாவரத் தாள்களின் (உலர்த்திய செடிகளை ஒட்டி வைத்த தாள்களின்) படங்களைக் கேட்டுப் பெறவும் ஆவன செய்யுங்கள். மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டச் சிற்றூர்களில் ஈசல் பிடித்துப் பழகிய முதியவர்களின் வாய்மொழியையும் பதிவுசெய்து, கட்டுரைக்குப் பக்கத்திலேயே மக்கள் கேட்கும்படி வையுங்கள். அவர்கள் முதுமையில் இருப்பதால், இந்தப் பதிவையே முதலில் தொடங்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தாவரவியல் ஆர்வலர் ஒருவர்