பந்தயத்தில் நான் தோற்றேன்

அன்புள்ள நேசன்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாத பாவி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. மாமி இன்னும் உன்னைத்தான் கெட்டிக்காரன் என்கிறார்.

புதுக்கடைத் தேநீர்க்கடையில் சிங்கராசா வழக்கை வைத்துக் கட்டிய பந்தயம் நினைவிருக்கிறதா? நான் தோற்றுவிட்டேன். இதைக் கட்டையனிடம் காட்டாதே.

சிங்கராசாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்ற ஐ.நா. குழுவின் கருத்தை ஏற்க மறுத்த அந்த 2006 இலங்கை உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் படிப்பிக்கும்போதெல்லாம் என் பல்லவி ஒன்றுதான்: நாடாளுமன்றம் சட்டமாக்காத உடன்படிக்கை உள்ளூரில் செல்லாது, 1997இல், தனிமனிதர் அந்தக் குழுவிடம் முறையிட வழிதரும் விருப்ப நெறிமுறையில் சேர்ந்தது நீதித்துறை அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுத்த வேலை, ஆகவே அன்றைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா சொன்னது சரி. போன கிழமை ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பெருவிரல் அடையாளம் என்ன ஆயிற்று, சேர்?" என்று கேட்டாள். வாயடைத்து நின்றேன்.

சிங்கராசா தமிழ் மட்டுமே தெரிந்த மனிதன். பொலிஸ்காரர் மொழிபெயர்த்து, சிங்களத்தில் தட்டெழுதிய வாக்குமூலம். கீழே பெருவிரல். அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரமும், பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, அவர் தலையில். 50 ஆண்டு சிறை, மேன்முறையீட்டில் 35. இது நியாயமான விசாரணையல்ல, விடுதலை செய் அல்லது மறுபடி விசாரி என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. நம் உயர் நீதிமன்றமோ, சொல்ல நீ யார் என்பதோடு நின்றுவிட்டது.

அதே 2004இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் கோர்குலு வழக்கில் என்ன சொன்னது? ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்ற வேண்டாம். ஆனால் காணாததுபோல் இருக்கவும் கூடாது, விலகினால் காரணம் காட்டு. அங்கே ஐரோப்பிய மனித உரிமைச் சாசனம் உள்நாட்டுச் சட்டம், இங்கே குழுவின் கருத்து தீர்ப்பே அல்ல என்று நீ வாய் திறக்கும் முன் நானே குறுக்கு விசாரணை செய்துவிட்டேன். இருக்கட்டும். நம் அரசியலமைப்பிலேயே உறுப்புரை 13(3) இருந்ததே, நியாயமான விசாரணைக்கான உரிமை! ஜெனீவாக்காரன், அதாவது ஐ.நா. குழு, கதவைத் தட்டியதும், தட்டியவனின் அடையாள அட்டையைப் பார்த்தார்களே தவிர, வீடு எரிகிறதா என்று பார்க்கவில்லை. இருபது வருடமாக அதை நான் நல்ல சட்டம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கொத்துரொட்டி என் செலவு, நீ வரும்போது. ஆனால் மாணவிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி வகுப்பு. அதற்குள் இரண்டு வரி எழுது.

உன்,
சிவா